பஸ்சிம் பங்க கேத் மஸ்தூர் சமிதி எதிர் மேற்கு வங்காள அரசு

பஸ்சிம் பங்க கேத் மஸ்தூர் சமிதி எதிர் மேற்கு வங்காள அரசு என்பது, உயிருக்கு ஆபத்தான நிலையில் கொண்டுவரப்பட்ட நோயாளியை அரசு மருத்துவமனைகள் சேர்த்துக்கொள்ளாமல் திருப்பியனுப்பியது தொடர்பாக இந்திய உச்ச நீதிமன்றம் 1996 ஆம் ஆண்டு மே 6 ஆம் நாள் தீர்ப்பளித்த வழக்கு ஆகும். தொடர்வண்டியிலிருந்து விழுந்து தலையில் பலத்த காயமடைந்த வேளாண் தொழிலாளி ஒருவர், ஓர் இரவும் மறுநாள் காலையுமாக ஏழு அரசு மருத்துவ நிலையங்களுக்குக் கொண்டுசெல்லப்பட்டும் எதிலும் உள்நோயாளியாகச் சேர்க்கப்படவில்லை. இறுதியில் தனியார் மருத்துவமனை ஒன்றில் பணம் செலுத்திச் சிகிச்சை பெற்று உயிர்பிழைத்தார். அவரும் அவர் சார்ந்திருந்த தொழிலாளர் அமைப்பும் இது குறித்து உச்ச நீதிமன்றத்தில் முறையிட்டனர்.

அரசு மருத்துவமனையில் உரிய காலத்தில் சிகிச்சை கிடைக்காமல் போவது, இந்திய அரசியலமைப்பின் 21 ஆம் உறுப்பு உறுதியளிக்கும் உயிர்வாழும் உரிமையை மீறுவதாகும் என்று இவ்வழக்கில் தீர்ப்பளிக்கப்பட்டது. படுக்கை இல்லை, வசதி இல்லை, நிதி இல்லை என்னும் காரணங்களைக் கூறி அரசு இக்கடமையிலிருந்து விலக முடியாது என்பதே தீர்ப்பின் சாரம். இந்தியாவில் அவசர சிகிச்சை மறுக்கப்பட்டோர் தொடுக்கும் வழக்குகளில் இத்தீர்ப்பு இன்றும் மேற்கோள் காட்டப்படுகிறது.

பெயர்

பஸ்சிம் பங்க கேத் மஸ்தூர் சமிதி என்னும் பெயருக்கு மேற்கு வங்காள வேளாண் தொழிலாளர் சங்கம் என்பது பொருள். இவ்வமைப்பு முதல் மனுதாரராகவும், பாதிக்கப்பட்ட தொழிலாளி இரண்டாவது மனுதாரராகவும் இருந்தனர். மேற்கு வங்காள அரசும் இந்திய ஒன்றிய அரசும் எதிர்மனுதாரர்களாக இருந்தன.

சட்டப் பின்னணி

இந்திய அரசியலமைப்பில் மருத்துவ சிகிச்சை பெறும் உரிமை தனியான அடிப்படை உரிமையாகக் குறிப்பிடப்படவில்லை. மக்களின் ஊட்டச்சத்து நிலையையும் பொதுச் சுகாதாரத்தையும் உயர்த்துவது அரசின் கடமை என்று 47 ஆம் உறுப்பு கூறுகிறது. எனினும் இது அரசு நெறிமுறைக் கோட்பாடுகளுள் ஒன்று. இதனை மட்டும் காட்டி நீதிமன்றத்தில் நிவாரணம் கோர இயலாது. ஆகவே உயிர்வாழும் உரிமையைக் கூறும் 21 ஆம் உறுப்பின் வழியாகவே நீதிமன்றங்கள் சிகிச்சை உரிமையை வளர்த்தெடுத்தன.

இவ்வழியில் முதன்மையான தீர்ப்பு 1989 ஆகத்து 28 அன்று பரமானந்த கட்டாரா எதிர் இந்திய ஒன்றியம் என்னும் வழக்கில் வழங்கப்பட்டது. சாலை விபத்தில் காயமடைந்த ஒருவரை, காவல்துறை தொடர்புடைய வழக்குகளைத் தாம் ஏற்பதில்லை என்று கூறி ஒரு மருத்துவமனை திருப்பியனுப்ப, தொலைவிலிருந்த மற்றொரு மருத்துவமனைக்குக் கொண்டுசெல்லும் வழியில் அவர் உயிரிழந்தார் என்ற செய்தியே அவ்வழக்குக்குக் காரணமாயிற்று. அரசு மருத்துவராயினும் தனியார் மருத்துவராயினும் உயிரைக் காக்கும் பணியை முதலில் செய்ய வேண்டும், சட்ட நடைமுறைகள் பின்னரே என்று உச்ச நீதிமன்றம் அப்போது கூறியது.

எனினும் அத்தீர்ப்பு மருத்துவரின் கடமையைப் பற்றியே பெரிதும் பேசியது. மருத்துவர் நோயாளியைப் பார்த்து, சேர்க்க வேண்டும் என்று பரிந்துரைத்த பின்னும் மருத்துவமனையில் இடம் இல்லையெனில் பொறுப்பு யாருடையது என்ற கேள்விக்கு அதில் விடை இல்லை. அக்கேள்வியே மேற்கு வங்காள வழக்கில் எழுந்தது.

நிகழ்வு

1992 சூலை 8 அன்று இரவு ஏறக்குறைய 7.45 மணிக்கு, மேற்கு வங்காளத்தின் மதுராப்பூர் தொடர்வண்டி நிலையத்தில் அத்தொழிலாளி தொடர்வண்டியிலிருந்து தவறி விழுந்தார். தலையில் பலத்த காயமும் மூளையில் இரத்தக் கசிவும் ஏற்பட்டன. அதன் பின்னர் அவர் கொண்டுசெல்லப்பட்ட இடங்களும் நேரங்களும் தீர்ப்பில் பின்வருமாறு பதிவாகியுள்ளன.

1. மதுராப்பூர் ஆரம்ப சுகாதார நிலையம்: தேவையான வசதிகள் இல்லாமையால், டயமண்டு ஆர்பர் உட்கோட்ட மருத்துவமனைக்கோ வேறு அரசு மருத்துவமனைக்கோ கொண்டுசெல்லுமாறு பரிந்துரைக்கப்பட்டது.
2. நீல்ரத்தன் சர்க்கார் மருத்துவக் கல்லூரி மருத்துவமனை (சூலை 8, இரவு 11.45): அவசரப் பிரிவு மருத்துவர் பரிசோதித்து, மண்டையோட்டை இரண்டு எக்சு-கதிர்ப் படங்கள் எடுத்து, உடனே சேர்க்க வேண்டும் என்று பரிந்துரைத்தார். அவசர அறுவைப் பிரிவிலும் பொது அறுவைப் பிரிவிலும் படுக்கை காலி இல்லை என்று கூறப்பட்டதால் சேர்க்கப்படவில்லை.
3. கல்கத்தா மருத்துவக் கல்லூரி மருத்துவமனை (சூலை 9, நள்ளிரவு 12.20): படுக்கை இல்லை.
4. சம்புநாத் பண்டித் மருத்துவமனை (நள்ளிரவுக்குப் பின் 1.00): காது மூக்கு தொண்டை அவசரப் பிரிவோ நரம்பியல் அவசரப் பிரிவோ இல்லை.
5. கல்கத்தா தேசிய மருத்துவக் கல்லூரி மருத்துவமனை (2.00): படுக்கை இல்லை.
6. பாங்கூர் நரம்பியல் நிறுவனம் (காலை 8.00): தனியார் மருத்துவமனையில் 1,310 ரூபாய் செலுத்தி எடுக்கப்பட்ட சி.டி. ஸ்கேன் படத்தில் தலையின் முன்பகுதியில் இரத்தக் கசிவு தெரிந்தது. இது அவசர நிலை. இந்நிறுவனத்தில் இதற்குச் சிகிச்சையளிக்க இயலாது என்று கூறப்பட்டது.
7. எஸ்.எஸ்.கே.எம். மருத்துவமனை (காலை 10.00): நரம்பியல் அறுவை வசதி இல்லை.

இதன் பின்னர் கல்கத்தா மருத்துவ ஆய்வு நிறுவனம் என்னும் தனியார் மருத்துவமனையில் அவர் சேர்க்கப்பட்டார். சூலை 9 முதல் சூலை 22 வரை அங்கு உள்நோயாளியாக இருந்தார். சிகிச்சைக்கு ஏறக்குறைய 17,000 ரூபாய் செலவாயிற்று.

விபத்து நேர்ந்ததிலிருந்து ஏழாவது நிலையத்தை அடையும் வரை 14 மணி நேரத்திற்கு மேல் கடந்திருந்தது. இந்நிலையங்களுள் ஆறு, மாநிலத் தலைநகரில் நள்ளிரவுக்குச் சற்று முன்பிலிருந்து காலை வரை ஒன்றன்பின் ஒன்றாக நாடப்பட்டவை. முதல் இடமாகிய ஆரம்ப சுகாதார நிலையம் மட்டுமே தலைநகருக்கு வெளியே இருந்தது; தலைநகரிலேயே ஆறு மருத்துவமனைகள் அவரைத் திருப்பியனுப்பின என்பதே பதிவு. எந்த மருத்துவமனையில் படுக்கை காலியாக உள்ளது, எங்கு நரம்பியல் அறுவை வசதி உள்ளது என்பதை நோயாளியுடன் வந்தவர்களே ஒவ்வொரு வாயிலுக்கும் சென்று கேட்டறிய வேண்டியிருந்தது.

முறையீடு

அரசு மருத்துவமனைகளின் அக்கறையற்ற போக்கினால் பாதிக்கப்பட்டதாகக் கூறி, தொழிலாளியும் சங்கமும் அரசியலமைப்பின் 32 ஆம் உறுப்பின் கீழ் உச்ச நீதிமன்றத்தில் நீதிப்பேராணை மனு தாக்கல் செய்தனர். அடிப்படை உரிமை மீறப்பட்டதாகக் கருதும் எவரும் நேரடியாக உச்ச நீதிமன்றத்தை நாட இவ்வுறுப்பு இடமளிக்கிறது. தனியொரு மருத்துவரின் கவனக்குறைவைக் காட்டிலும், அரசு நடத்தும் மருத்துவ அமைப்பின் தவறே மனுவின் அடிப்படையாக இருந்தது.

விசாரணைக் குழு

வழக்கு நிலுவையில் இருந்தபோது மாநில அரசு ஒரு விசாரணைக் குழுவை அமைத்தது. கல்கத்தா உயர் நீதிமன்றத்தின் ஓய்வுபெற்ற நீதிபதி லீலாமய் கோஷ் இதன் தலைவராக இருந்தார். குழு தனது அறிக்கையை 1995 மார்ச்சு 31 அன்று அளித்தது.

நோயாளியைச் சேர்க்காததற்குப் பணியிலிருந்த மருத்துவ அலுவலர்கள் பொறுப்பாவர் என்று குழு கண்டது. அத்துடன் நில்லாமல், நோயாளியின் நிலை கவலைக்கிடமாக இருக்கும்போது அவரைத் திருப்பியனுப்பாதிருக்கத் தக்க வழிகாட்டுதல்களை மருத்துவமனைக் கண்காணிப்பாளர்கள் தம்கீழ் உள்ள மருத்துவர்களுக்கு வழங்கியிருக்க வேண்டும் என்றும் குறிப்பிட்டது. நள்ளிரவில் வாயிலில் நிற்கும் இளநிலை மருத்துவரிடம் மட்டுமே குற்றம் காணாமல் நிருவாகத்தின் பொறுப்பையும் சுட்டியது இவ்வறிக்கையின் சிறப்பாகும்.

அறிக்கையின் அடிப்படையில் மாநில அரசு 1995 ஆகத்து 22 அன்று தன் மருத்துவமனைகளுக்கு அறிவுறுத்தல்களை அனுப்பியது. அவற்றுள் முக்கியமானவை:

* ஒவ்வொரு நோயாளியின் பெயர், வயது, பால், முகவரி, உடல்நிலை, வந்த நேரம் ஆகியவை பதிவேட்டில் தெளிவாக எழுதப்பட வேண்டும்.
* சேர்க்கப்பட்டாரா, வேறிடத்திற்கு அனுப்பப்பட்டாரா, அனுப்பப்பட்டாரெனில் எங்கு, என்ன காரணத்தால் என்பவையும் பதியப்பட வேண்டும்.
* படுக்கை இல்லாதபோது அவசரப் பிரிவு மருத்துவர், கண்காணிப்பாளரையோ துறை வல்லுநரையோ தொடர்புகொண்டு, அவசரமற்ற நோயாளிகளுக்குரிய பிரிவுகளிலிருந்து படுக்கையைப் பெற முயல வேண்டும்.
* இன்றியமையாத நேரங்களில் தள்ளுவண்டிப் படுக்கையிலோ தரையிலோகூட நோயாளிக்கு இடமளிக்க வேண்டும்.

தீர்ப்பு

நீதிபதிகள் எஸ். சி. அகர்வால், ஜி. டி. நானாவதி ஆகியோர் அடங்கிய அமர்வு தீர்ப்பை வழங்கியது. அதன் முக்கியக் கருத்துக்கள் பின்வருமாறு.

சிகிச்சை அரசின் கடமை

இந்திய அரசியலமைப்பு மக்கள்நல அரசு ஒன்றை நிறுவ முனைகிறது. அத்தகைய அரசின் முதற்கடமை மக்களின் நலத்தைப் பேணுவது. போதிய மருத்துவ வசதிகளை அளிப்பது அக்கடமையின் இன்றியமையாத பகுதி. மருத்துவமனைகளையும் சுகாதார நிலையங்களையும் நடத்துவதன் வாயிலாக அரசு இக்கடமையை நிறைவேற்றுகிறது. ஆகவே, அரசு மருத்துவமனைகளும் அங்குப் பணியாற்றும் மருத்துவர்களும் மனித உயிரைக் காப்பதற்கான உதவியை அளிக்கக் கடமைப்பட்டவர்கள். தேவையான நேரத்தில் சிகிச்சை அளிக்கத் தவறினால் அது 21 ஆம் உறுப்பை மீறியதாகும்.

நிதிப் பற்றாக்குறை காரணமாகாது

மருத்துவ வசதிகளுக்கு நிதி வேண்டும் என்பதை நீதிமன்றம் ஏற்றுக்கொண்டது. எனினும் அரசியலமைப்பு விதித்த கடமையை நிதிப் பற்றாக்குறையைக் காட்டித் தட்டிக்கழிக்க முடியாது என்றது. ஏழைக் குற்றஞ்சாட்டப்பட்டவர்களுக்கு இலவசச் சட்ட உதவி அளிக்கும் கடமை பற்றிய முந்தைய தீர்ப்பில் கூறப்பட்ட அதே நெறி மருத்துவ உதவிக்கும் பொருந்தும் என்று விளக்கப்பட்டது.

இழப்பீடு

அடிப்படை உரிமை மீறப்பட்டதற்காகத் தொழிலாளிக்கு 25,000 ரூபாய் இழப்பீடு வழங்க மாநில அரசுக்கு ஆணையிடப்பட்டது. அவர் தனியார் மருத்துவமனையில் செலவிட்ட தொகையைவிட இது அதிகம் எனினும், நிகழ்வுக்கும் தீர்ப்புக்கும் இடையே ஏறத்தாழ நான்கு ஆண்டுகள் கடந்திருந்தன.

ஆணைகள்

இத்தகைய நிகழ்வு மீண்டும் நேராதிருக்கப் பின்வரும் நடவடிக்கைகள் தேவை என்று நீதிமன்றம் கூறியது.

1. நோயாளியின் நிலையைச் சீர்படுத்தும் முதற்கட்ட சிகிச்சைக்கான வசதிகள் ஆரம்ப சுகாதார நிலையங்களில் இருக்க வேண்டும்.
2. கடுமையான நோயாளிகளுக்கு அங்கேயே சிகிச்சை அளிக்கும் வகையில் மாவட்ட, உட்கோட்ட மருத்துவமனைகள் தரம் உயர்த்தப்பட வேண்டும்.
3. வளரும் தேவைக்கேற்ப அம்மருத்துவமனைகளில் சிறப்பு மருத்துவ வசதிகள் பெருக்கப்பட வேண்டும்.
4. மாநில அளவிலான மருத்துவமனைகளில் படுக்கை இருப்பை அறிய மையத் தொடர்பு அமைப்பு வேண்டும். தேவையான சிகிச்சையும் காலிப் படுக்கையும் உள்ள இடத்திற்கு நோயாளியை உடனே அனுப்ப அது உதவ வேண்டும்.
5. ஆரம்ப சுகாதார நிலையத்திலிருந்து மாவட்ட மருத்துவமனைக்கும், அங்கிருந்து மாநில மருத்துவமனைக்கும் கொண்டுசெல்லப் போதிய அவசர ஊர்திகள் வேண்டும்.
6. அவ்வூர்திகளில் தேவையான கருவிகளும் மருத்துவப் பணியாளர்களும் இருக்க வேண்டும்.
7. விபத்துகள் மிகும் காலங்களிலும் நிகழ்ச்சிகளிலும் கூடுதலான நோயாளிகளை ஏற்க மருத்துவமனைகள் ஆயத்தமாக இருக்க வேண்டும்.

இவற்றை நிறைவேற்றக் கால வரையறையுடன் கூடிய திட்டம் வகுக்க வேண்டும் என்றும், வழக்கில் தரப்பினராக இல்லாத பிற மாநிலங்களும் இவ்வழியில் நடவடிக்கை எடுக்க வேண்டும் என்றும் நீதிமன்றம் கூறியது. இதனால் ஒரு தொழிலாளியின் முறையீடு நாடு முழுவதற்குமான நெறியாக விரிந்தது.

பின்னர் ஏற்பட்ட சட்ட வளர்ச்சி

* 2002: இந்திய மருத்துவக் கழகத்தின் தொழில்முறை நடத்தை ஒழுங்குமுறைகள் வெளியாயின. மருத்துவர் தம் நோயாளிகளைத் தேர்ந்துகொள்ள உரிமை உடையவரெனினும், அவசர நிலையில் சிகிச்சை அளிக்க வேண்டும் என்று இவை கூறுகின்றன.
* 2005: கொல்கத்தாவில் பேருந்து மோதிக் காயமடைந்த மாணவர் ஒருவருக்குத் தொடங்கிய சிகிச்சையை, முன்பணம் செலுத்தப்படவில்லை என்று கூறி ஒரு தனியார் மருத்துவமனை நிறுத்தியது. அவர் வேறு மருத்துவமனைக்குச் செல்லும் வழியில் இறந்தார். இவ்வழக்கில் தேசிய நுகர்வோர் குறைதீர் ஆணையம் 10 இலட்சம் ரூபாய் இழப்பீடு விதித்தது. பணம் பெறப்படாததால் அவர் நுகர்வோர் அல்லர் என்ற வாதம் ஏற்கப்படவில்லை.
* 2006: இந்தியச் சட்ட ஆணையம் தனது 201 ஆவது அறிக்கையில், விபத்துக்குள்ளானோருக்கும் அவசர நிலையில் உள்ளோருக்கும் மகப்பேற்று வலியில் உள்ள பெண்களுக்கும் சிகிச்சை மறுக்கப்படாதிருக்கத் தனிச் சட்டம் இயற்றப் பரிந்துரைத்தது.
* 2010: மருத்துவ நிறுவனங்கள் (பதிவு, ஒழுங்குமுறை) சட்டம் ஒன்றிய அரசால் இயற்றப்பட்டது. இச்சட்டத்தை ஏற்றுக்கொண்ட மாநிலங்களில், அவசர நிலையில் வருவோரின் உடல்நிலையைச் சீர்படுத்தத் தேவையான சிகிச்சையை மருத்துவ நிறுவனங்கள் அளிக்க வேண்டும்.
* 2016: விபத்துக்குள்ளானோருக்கு உதவுவோரைக் காக்கும் வழிகாட்டுதல்களுக்கு உச்ச நீதிமன்றம் சட்ட வலிமை அளித்தது. 2019 ஆம் ஆண்டுத் திருத்தத்தின் வழி மோட்டார் வாகனச் சட்டத்தில் 134அ பிரிவாக இப்பாதுகாப்பு இடம்பெற்றது.
* 2021: தமிழ்நாட்டில், சாலை விபத்தில் காயமடைந்தோருக்கு முதல் 48 மணி நேரச் சிகிச்சையைக் கட்டணமின்றி அளிக்கும் இன்னுயிர் காப்போம் – நம்மைக் காக்கும் 48 திட்டம் திசம்பர் 18 அன்று தொடங்கப்பட்டது.
* 2023: இராசத்தான் மாநிலம் நலவாழ்வு உரிமைச் சட்டத்தை நிறைவேற்றியது. முன்பணமின்றி அவசர சிகிச்சை அளிக்க இச்சட்டம் வகைசெய்கிறது. செலவை யார் ஈடுசெய்வது என்பது குறித்துத் தனியார் மருத்துவர்கள் பெரும் போராட்டம் நடத்தினர்.
* 2025: சாலை விபத்தில் காயமடைந்தோருக்கு ஏழு நாட்கள் வரை, 1.5 இலட்சம் ரூபாய்க்கு மிகாமல் பணமில்லாச் சிகிச்சை அளிக்கும் திட்டத்தை ஒன்றிய அரசு மே மாதம் அறிவிக்கை செய்தது. கோயம்புத்தூரைச் சேர்ந்த எலும்பு மருத்துவர் எஸ். இராஜசேகரன் தொடுத்த பொதுநல வழக்கில் உச்ச நீதிமன்றம் சனவரி 8 அன்று பிறப்பித்த ஆணை இதற்கு வழிவகுத்தது.

2017 கொல்லம் நிகழ்வு

தீர்ப்பு வந்து இருபது ஆண்டுகளுக்குப் பின்னரும் அதே போன்ற நிகழ்வு கேரளத்தில் நேர்ந்தது. 2017 ஆகத்து 6 அன்று இரவு கொல்லம் மாவட்டத்தில் நேர்ந்த சாலை விபத்தில், திருநெல்வேலியைச் சேர்ந்த தொழிலாளி ஒருவர் படுகாயமடைந்தார். அவர் அவசர ஊர்தியில் கொல்லத்திலும் திருவனந்தபுரத்திலும் உள்ள பல மருத்துவமனைகளுக்குக் கொண்டுசெல்லப்பட்டார். செயற்கைச் சுவாசக் கருவி இல்லை, உடன் யாரும் வரவில்லை என்பன போன்ற காரணங்களால் எங்கும் சேர்க்கப்படாமல், மறுநாள் காலையில் உயிரிழந்தார். கேரள முதலமைச்சர் பிணறாயி விஜயன் ஆகத்து 10 அன்று சட்டமன்றத்தில் அவருடைய குடும்பத்தினரிடம் மன்னிப்புக் கோரினார். குடும்பத்திற்கு 10 இலட்சம் ரூபாய் வழங்க மாநில அரசு முடிவுசெய்தது.

1992 இல் நோயாளியை ஏற்றிச்செல்ல உரிய ஊர்தியும் இல்லை, படுக்கை இருப்பை அறிய வழியும் இல்லை. 2017 இல் ஊர்தி இருந்தது. ஆயினும் எந்த மருத்துவமனை ஏற்கும் என்பதை முன்கூட்டியே உறுதிசெய்யும் அமைப்பு, அதாவது தீர்ப்பின் நான்காவது ஆணை கூறியது, அந்த இரவில் பயன்படவில்லை.

முறையிடும் வழிகள்

அவசரப் பிரிவில் சிகிச்சை மறுக்கப்பட்டாலோ தக்க முறையில் அளிக்கப்படாவிட்டாலோ, இந்தியாவில் பின்வரும் வழிகளில் முறையிடலாம். ஒவ்வொரு வழியும் வெவ்வேறு வகை நிவாரணத்தை அளிப்பதால், கோருவது இழப்பீடா, ஒழுங்கு நடவடிக்கையா, தண்டனையா என்பதைப் பொறுத்து வழி மாறும்.

மருத்துவமனை நிருவாகம்

நோயாளி இன்னும் மருத்துவமனையில் இருக்கும்போது உடனடிப் பயன் தரக்கூடியது இவ்வழியே. பணியிலுள்ள மருத்துவர் மறுத்தால், நிலைய மருத்துவ அலுவலரிடமோ கண்காணிப்பாளரிடமோ முறையிடலாம். முறையீடு எழுத்தில் இருப்பதும், பெற்றுக்கொண்டதற்கான ஒப்புதல் பெறுவதும் பின்னர் உதவும்.

மருத்துவ ஆவணங்கள்

எந்த வழியில் முறையிடுவதாயினும் ஆவணங்கள் தேவைப்படும். 2002 ஆம் ஆண்டு ஒழுங்குமுறைகளின்படி, நோயாளியோ அவரால் அதிகாரமளிக்கப்பட்டவரோ கேட்டால் 72 மணி நேரத்திற்குள் மருத்துவ ஆவணங்களை வழங்க வேண்டும். அரசு மருத்துவமனைகளின் பதிவேடுகளைத் தகவல் பெறும் உரிமைச் சட்டம், 2005 இன் கீழும் கோரலாம். இதற்குப் பொதுவாக 30 நாட்களுக்குள் விடையளிக்க வேண்டும். உயிர் அல்லது தனிமனித விடுதலை தொடர்பான தகவலெனில் 48 மணி நேரத்திற்குள் அளிக்க வேண்டும்.

மாநில மருத்துவக் கழகம்

தனி மருத்துவரின் நடத்தை பற்றிய முறையீட்டை அவர் பதிவுசெய்துள்ள மாநில மருத்துவக் கழகம் விசாரிக்கும். எச்சரிக்கை முதல் பதிவேட்டிலிருந்து பெயரை நீக்குவது வரை நடவடிக்கை எடுக்க அதற்கு அதிகாரம் உண்டு. கழகம் இழப்பீடு வழங்காது.

நுகர்வோர் ஆணையம்

மருத்துவச் சேவை நுகர்வோர் சட்டத்தின்கீழ் வரும் என்று உச்ச நீதிமன்றம் 1995 நவம்பர் 13 அன்று இந்திய மருத்துவச் சங்கம் எதிர் வி. பி. சாந்தா வழக்கில் தீர்ப்பளித்தது. எனினும் அனைவருக்கும் முற்றிலும் இலவசமாகச் சிகிச்சை அளிக்கும் மருத்துவமனை இதில் அடங்காது. சிலரிடம் கட்டணம் பெற்றுச் சிலருக்கு இலவசமாக அளிக்கும் மருத்துவமனை அடங்கும். நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம், 2019 இன்படி, காரணம் எழுந்த நாளிலிருந்து இரண்டு ஆண்டுகளுக்குள் முறையிட வேண்டும்.

மனித உரிமை ஆணையங்கள்

அரசு மருத்துவமனைகள் மீதான முறையீடுகளைத் தேசிய மனித உரிமை ஆணையத்திடமோ மாநில ஆணையத்திடமோ அளிக்கலாம். நிகழ்வு நடந்து ஓராண்டுக்குள் முறையிட வேண்டும். இவ்வாணையங்கள் இழப்பீடு வழங்குமாறு அரசுக்குப் பரிந்துரைக்க இயலும்.

நீதிமன்றங்கள்

அரசு மருத்துவமனை சிகிச்சை மறுத்தால், 226 ஆம் உறுப்பின் கீழ் உயர் நீதிமன்றத்திலோ 32 ஆம் உறுப்பின் கீழ் உச்ச நீதிமன்றத்திலோ நீதிப்பேராணை மனு தாக்கல் செய்யலாம். முற்றிலும் இலவசமான அரசு மருத்துவமனைகள் நுகர்வோர் சட்டத்திற்கு வெளியே இருப்பதால், அவற்றை நாடும் ஏழைகளுக்கு இவ்வழி முக்கியமானது. இந்த வழக்கு அவர்களுக்குப் பயன்படுவதும் இதனாலேயே.

குற்றவியல் நடவடிக்கை

கவனக்குறைவால் மரணம் நேர்ந்தால் குற்றவியல் வழக்குத் தொடரலாம். ஆனால் மருத்துவரின் கவனக்குறைவு மிகக் கடுமையானதாக இருந்தாலன்றிக் குற்றமாகாது என்று உச்ச நீதிமன்றம் 2005 இல் ஜேக்கப் மாத்தியூ எதிர் பஞ்சாப் அரசு வழக்கில் கூறியுள்ளது.

மதிப்பீடு

அவசர சிகிச்சையை மருத்துவரின் அறநெறி என்ற நிலையிலிருந்து அரசின் மீது சுமத்தத்தக்க கடமை என்ற நிலைக்குக் கொண்டுவந்தது இத்தீர்ப்பின் பங்களிப்பாகும். மருத்துவமனையில் இடமில்லை என்பது அதுவரை ஒரு விளக்கமாகக் கருதப்பட்டது. இத்தீர்ப்புக்குப் பின் அதுவே அரசு விடையளிக்க வேண்டிய குறையாயிற்று.

மறுபுறம், இத்தீர்ப்பு கூறிய உரிமை அரசு மருத்துவமனைகளைப் பற்றியது. தனியார் மருத்துவமனைகளைப் பொறுத்தவரை பரமானந்த கட்டாரா தீர்ப்பும் தனித்தனிச் சட்டங்களுமே துணைநிற்கின்றன. மருத்துவமனைகள் மாநிலப் பட்டியலில் உள்ளதால் வசதிகள் மாநிலத்திற்கு மாநிலம் வேறுபடுகின்றன. மேலும், உரிமை மீறப்பட்ட பின்னர் இழப்பீடு பெற நீதிமன்றம் உதவுகிறதே தவிர, நள்ளிரவில் ஒரு படுக்கையைப் பெற்றுத்தர அதனால் இயலாது. அதற்குத் தீர்ப்பின் ஏழு ஆணைகளும் நடைமுறையில் இருக்க வேண்டும்.

இவற்றையும் பார்க்கவும்

* பரமானந்த கட்டாரா எதிர் இந்திய ஒன்றியம்
* இந்திய அரசியலமைப்பின் 21 ஆம் உறுப்பு
* நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம், 2019
* தகவல் பெறும் உரிமைச் சட்டம், 2005
* 108 அவசர ஊர்திச் சேவை

பகுப்புகள்: இந்திய உச்ச நீதிமன்ற வழக்குகள் | இந்தியாவில் மனித உரிமைகள் | மருத்துவச் சட்டம் | மேற்கு வங்காளம்